வாயில்லாத பேக்

கெமரா பேக்குக்குள் வட்டிலப்பம் வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. இப்படி ஒரு வசனத்தை எழுத வேண்டி வந்ததே அருவருப்பாகத்தான் இருக்கிறது. கல்முனைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்கப் போகிறவள் நான். அந்தப் பக்கம் ஆண்கள் வர முடியாது. அதனால்தான் எனக்கு வேலை.

அந்த வீடுகளில் ஒரு வழக்கம். வந்த பெண்ணை வெறும் பேக்கோடு அனுப்பக் கூடாது. கெமராவைக் கையில் எடுத்தால் பேக்கில் அது இருந்த அறை காலியாகிவிடும். பஞ்சு வைத்துத் தைத்த அந்தச் சின்ன அறைகளைப் பார்த்தால் மாமிமாருக்குச் சாப்பாட்டுக் கேரியர்தான் ஞாபகம் வரும் போல. போன வருடம் ஒரு கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்து பேக்கைத் திறந்தேன். லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் வட்டிலப்பம். ஆட்டோ குலுங்கியதில் மூடி கழன்று, முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரைப் பாகும் லென்ஸின் வளையத்துக்குள் இறங்கியிருந்தன. அடுத்த அறையில் லஞ்ச் சீட் பொலித்தீனில் சுற்றிய பொரித்த கோழி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது. எறும்பும் வந்துவிட்டது.

மணப்பெண்ணின் முகத்தைத் தெளிவாக எடுத்து, பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் கதிரைகளை மங்கவைக்கும் லென்ஸ் அது. என்னிடம் இருக்கும் நல்ல லென்ஸ் அது ஒன்றுதான். உம்மா எட்டிப் பார்த்தார். கிண்ணத்தில் இருந்ததை அல்ல, பேக்கின் ஓரத்தில் வழிந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தார்.

"நல்ல வட்டிலப்பம். ஏலக்காய்தான் கொஞ்சம் கூட" என்றார்.

நான் பேக்கை இழுத்தெடுத்து லென்ஸைத் துடைக்கத் தொடங்கினேன்.

லென்ஸ் கொழும்புக்குப் போய், கழுவித் துடைத்து ஒரு மாதிரித் திரும்பி வந்தது. திருத்தியவர் இன்னொரு தரம் இப்படி நடந்தால் கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லென்ஸ் போனால் வேலையும் போகும்.

எனக்கு எரிச்சல் இனிப்பில் மட்டும் இல்லை. ஆண்கள் பக்கம் படம் எடுப்பவரின் பேக் என்னுடையதைவிடப் பெரியது. அது பந்தலின் ஒரு மூலையில் கிடக்கும், யாரும் அதில் கை வைக்கமாட்டார்கள். அவர் மாப்பிள்ளையின் கூட்டாளிமாரோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் தொழில் செய்கிறவர். நான் "பாவம் புள்ள." அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குத் தோல் கூசும்.

அதனால் புது பேக் தேடிக் கடைக்குப் போனேன். என் அண்ணன், காக்கா, மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனார். கடைக்காரர் கடைசிவரைக்கும் காக்காவோடுதான் கதைத்தார். "தங்கச்சிக்கி இது வடிவாரிக்கும்" என்று ஊதா நிறத்தில் வண்ணத்துப்பூச்சி ஒட்டிய ஒன்றை எடுத்தார். அதன் பைக்குள் கைவிட்டால் பல்லி முட்டை. அடுத்ததில் பூச்சி உருண்டை நாற்றம். இன்னொன்றின் வாயை இழுத்து மூடும் பித்தளைச் சிப் கடல் காற்றில் பச்சை பிடித்து, தொட்ட விரலில் ஒட்டியது. எல்லாவற்றுக்கும் வாய் முன்னாலேயே இருந்தது, வந்து நிரப்புங்கள் என்கிற மாதிரி.

கடைசியில் மேல்தட்டிலிருந்து கறுப்பு பேக் ஒன்றை இறக்கவைத்தேன். அதன் சிப் முதுகோடு ஒட்டும் பக்கத்தில் இருந்தது. தோளிலிருந்து கழற்றினால்தான் திறக்கலாம். அபாயாவில் பட்டி வழுக்காமல் நெஞ்சுக்குக் குறுக்கே கொளுவவும் ஒரு பட்டி. கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒருத்தரும் வாங்காத மொடல்" என்று காக்காவிடம் சொன்னார். அதுதான் எனக்கு வேணும் என்று நான் அவரிடம் சொன்னேன்.

அடுத்த கல்யாணத்தில் பேக்கை முதுகிலிருந்து இறக்கவே இல்லை. லென்ஸ் மாற்ற வேண்டி வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மணப்பெண்ணுக்கு முன்னால் குனிந்து நிற்கும்போது முதுகில் ஒரு கை தடவியது. பிறகு இன்னொரு கை. புரியாணி நெய் பட்ட விரல்கள் பேக்கின் மேலும் கீழும் வாயைத் தேடித் தடவிக்கொண்டிருந்தன. உடம்பெல்லாம் கூசியது. கெமராவில் கண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றேன்.

"சிப்ப எங்கயும் காணல்லயே" என்றார் மணப்பெண்ணின் உம்மா.

"பழுதாப் போயிருக்கும். தெச்சி மூடிட்டுத் தூக்கிட்டுத் திரியிறா" என்றது வேறு ஒரு குரல்.

"பாவம் புள்ள."

நான் வெளிக்கிடும்போது மணப்பெண்ணின் உம்மா வாசலில் நின்றார். கையில் தங்க நிறத்தில் பளபளக்கும் புது பேக். மகளுக்கு வந்த அன்பளிப்புகளில் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே வட்டிலப்பம், மஸ்கட் அல்வா, கோழி.

"பழுதான பேக்க மாட்டிட்டுத் திரியாதீங்க மகள். அடுத்த மாசம் என்ட தங்கச்சிட மகள்ட கல்யாணம். நீங்கதான் எடுக்கணும். இந்த பேக்கையே கொண்டு வாங்க" என்றார்.

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. "ஜஸாக்கல்லாஹ் மாமி" என்ற நன்றிதான் வெளியே வந்தது.

வீட்டில் உம்மா அந்த பேக்கை நிலத்தில் வைத்து, சாமான்களை எடுத்து அடுக்கினார். பிறகு ஈரத்துணியால் துடைத்து, திறந்து மூடி, திரும்பத் திறந்து பார்த்தார்.

"இதான் பேக். வாயிருக்கி" என்றார்.

அடுத்த மாதம் லென்ஸ் என் முதுகில் போகும். தங்க பேக் முன்னால் தொங்கும். அதற்குள் நான் ஒன்றும் வைக்கப் போவதில்லை. வெறுமையாகத்தான் கொண்டு போவேன், அவர்கள் நிரப்பட்டும் என்று.