முதல் பெயர் தங்கபாண்டி

ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்கு மேலே ஒரு மாடி வீட்டில் இருந்தாள் நாச்சியார். கீழே மிளகாய் மூட்டை இறக்கினால் நெடி ஜன்னல் வழியே ஏறும். தும்மிக்கொண்டேதான் கம்ப்யூட்டரில் கோட் எழுதுவாள். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம், தமிழ் வீட்டோடு சரி. சின்ன நிறுவனங்களின் வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்வது அவள் பிழைப்பு. அப்படித்தான் ஒரு ரத்ததானச் சங்கத்தின் பக்கமும் அவளிடம் வந்தது. அதை முதலில் செய்த ஜிபின் துபாய்க்குப் போய்விட்டான்.

பக்கம் எளிமையானது. ரத்த வகையைச் சொன்னால் பெயரும் போன் நம்பரும் வரும். கொடுத்து நெடுநாள் ஆனவர் மேலே, சமீபத்தில் கொடுத்தவர் கீழே. ஒருமுறைகூடக் கொடுக்காதவருக்குத் தேதி காலி. காலியை டேட்டாபேஸ் எல்லாத் தேதிக்கும் முன்னால் வைக்கும் என்பதால் அவர்கள்தான் உச்சியில் வருவார்கள்.

சங்க வேலைகளைக் கவனிக்கும் பிந்து ஒரு காலையில் கூப்பிட்டாள். ஓ நெகட்டிவில் தங்கபாண்டி என்பவரே எப்போதும் முதலில் வருகிறார் என்றாள். அவர் ரத்தம் கொடுத்ததும் தேதி போடுகிறாள், ‘நன்றி, பதிவாகிவிட்டது’ என்று வருகிறது, பிறகு பார்த்தால் தேதி இல்லை. ஆட்களும் அவரையே கூப்பிடுகிறார்கள், அவரும் வந்துவிடுகிறார். போன தடவை பிந்துவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். நகக்கண்ணில் சிமென்ட், அதிகம் பேசாத மனிதர். ஜூஸைத் தொடாமல் எழுந்து போய்விட்டாராம்.

நாச்சியார் அந்தப் பக்கத்துக்கான கோட் ஃபைலைத் திறந்தாள். டேட்டாபேஸ் எந்தப் பிழையைச் சொன்னாலும் அதை விழுங்கிவிட்டு ‘நன்றி’ காட்டும்படி ஜிபின் எழுதியிருந்தான். அந்த இடத்தை நீக்கிவிட்டுத் தேதியைத் தானே போட்டாள். இம்முறை காரணம் சிவப்பில் வந்தது. ரத்தம் கொடுத்த தேதி, இறந்த தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது.

வெப்சைட்டில் வெளியே தெரியாத ஒரு கட்டத்தில் தங்கபாண்டி இறந்த தேதி இருந்தது, போன வருஷத்து மழைக்காலம். யாரோ சொல்லி ஜிபின் அதைப் பதிந்திருக்கிறான். பெயர்களை எடுக்கும்போது இறந்தவரை விட வேண்டும் என்று எழுத மறந்திருக்கிறான். வேறு யாருடைய தேதியோ மாறி விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நாச்சியார் அந்த நம்பரைக் கூப்பிட்டாள்.

எடுத்தது அவர் மனைவி விஜயம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து விழிஞ்ஞத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஒரு ரத்ததான முகாமில் பெயர் கொடுத்த மறுவாரமே அவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். ரத்தம் கேட்டுக் கூப்பிடுகிறவர்களிடமெல்லாம் ஆள் இல்லை என்றுதான் விஜயம் சொல்கிறாள். மறுநாள் அவர்களே கூப்பிட்டு, உங்க வீட்டுக்காரர் வந்து கொடுத்துட்டுப் போனார், ரொம்ப நன்றி என்கிறார்கள். முதலில் சண்டை போட்டாளாம். இப்போது பேசாமல் கேட்டுக்கொள்கிறாளாம்.

தான் யார் என்று சொல்லி, பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள் நாச்சியார்.

“கூப்பிட்டா மாட்டேன்னு சொல்லத் தெரியாது அவியளுக்கு,” என்றாள் விஜயம். “எடுத்துருங்கம்மா. அலைஞ்சது போதும்.”

ஓ நெகட்டிவ் கொடுக்க ஊரில் ஆட்கள் கொஞ்சம்தான். அதை நினைத்து நாச்சியாரின் கை தயங்கியது. பிறகு, இறந்த தேதி இல்லாதவர்களை மட்டும் எடு என்று ஒரு வரி சேர்த்தாள். வேறொரு பெயர் மேலே வந்தது. பதிவாகாவிட்டால் பதிவாகவில்லை என்றே பக்கம் சொல்லும்படியும் மாற்றினாள். பிந்து அவரைப் பற்றி விசாரித்தபோது, ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லிவைத்தாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் விஜயமே கூப்பிட்டாள். இப்போது போன் அடிப்பதில்லை என்றாள். நல்லதுதானே அக்கா என்றாள் நாச்சியார்.

“ஆமா. அவிய இப்போ எங்கயும் போறதில்ல. வீட்லதான் உக்காந்திருக்காவ.”

அழுகையும் இல்லை, பயமும் இல்லை, அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வது போன்ற குரல். சாப்பிட்டாச்சா அக்கா என்றாள் நாச்சியார்.

இப்பதான் உலை வெச்சேன் என்றாள் விஜயம்.