எங்கள் வீட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பரிசுகள்

திருமங்கலம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாவின் பேன்சி ஸ்டோர் இருக்கிறது. வளையல், கிளிப், பொட்டு, ரப்பர் பேண்டு, கவரிங் தோடு எல்லாம் கிடைக்கும். அடுத்தவர் வயலில் களையெடுத்துப் பிழைத்த குடும்பத்தில் முதலில் கடை வைத்தவர் அப்பா. முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் உள்ள பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முதுகலை முடித்தேன். பட்டமளிப்புப் படத்தை அப்பா கல்லாவுக்கு மேலே மாட்டினார். அந்தப் பிரேம் என்ன விலை என்று அவ்வப்போது யாராவது கேட்பார்கள். அப்பா விலை சொல்ல மாட்டார். படத்தில் இருப்பது யார், என்ன படித்திருக்கிறாள் என்று சொல்லி முடிக்கும்வரை அவர்களை நகரவும் விட மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு ஆப் ஒன்று ஊருக்குள் பரவியது. கல்லூரிப் பெண்கள் எங்கள் கடைக்கு வந்து தோட்டைக் காதில் வைத்துப் பார்ப்பார்கள், தோழியிடம் அபிப்பிராயம் கேட்பார்கள், பிறகு கைபேசியை எடுத்து அதே தோட்டைக் காட்டி, பாதி விலைதான் போட்டிருக்கிறது என்பார்கள். மதுரை விளக்குத்தூண் பக்கத்து மொத்தக் கடையில் அப்பா வாங்கும் விலையே அதைவிட அதிகம். லாபமே வைக்காமல் விற்றாலும் அவர் தோற்றுத்தான் போக வேண்டும். போதாததற்கு, வைத்துப் பார்த்த பொட்டையெல்லாம் எங்கள் கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள்.

வியாபாரிகள் சங்கம் கூடியது. சங்கத் தலைவரும் பேன்சி ஸ்டோர்காரர்தான். எதிர் வரிசையில் கடை. வருடக்கணக்காக அப்பாவுக்குப் போட்டி. கலெக்டருக்கு மனு கொடுப்பது என்று முடிவானது. யார் எழுதுவது என்ற கேள்வி வருவதற்கு முன்பே அப்பா என் பெயரைச் சொல்லியிருந்தார். நான் விசாரித்துப் பார்த்ததில் சூட்சுமம் பிடிபட்டது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பரிசுக்கு ஒரு வரம்பு வரை வரி கிடையாது. இந்தச் சாமான்களெல்லாம் பரிசு என்று ஒட்டப்பட்டு வந்துகொண்டிருந்தன. ‘எங்கள் ஊர்ப் பெண்களுக்கு, முகம் தெரியாத வெளிநாட்டார் தினந்தோறும் ஜிமிக்கி பரிசளிப்பதன் காரணத்தை அரசு விசாரிக்க வேண்டும்’ என்று எழுதினேன். கூட்டத்தில் அதைப் படித்தபோது கைதட்டினார்கள். இன்றைக்கும் அது நல்ல வாக்கியம் என்றுதான் நினைக்கிறேன்.

மனு என்றைக்கு நகர்ந்து என்றைக்குப் பலன் தருவது? தை மாதமோ நெருங்கிக்கொண்டிருந்தது. பொங்கலும் கல்யாணங்களும் சேர்ந்த அந்த ஒரு மாத வியாபாரத்தில்தான் எங்கள் வருடமே ஓடும். வாங்குகிறவர்களுக்கு மலிவாகக் கிடைப்பது நமக்கும் கிடைக்கும்தானே, தைக்கான சரக்கை அந்த ஆப்பிலேயே வாங்கிவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மனுவும் நீதான் எழுதுன. இப்ப ஆர்டர் போடவும் நீதான் சொல்ற. இதுல எது ஆத்தா நீ படிச்ச படிப்பு?”

“ரெண்டும்தாம்ப்பா.”

ஒரு டீ குடித்து முடிக்கும்வரை யோசித்தார். பிறகு தைக் கொள்முதலுக்கு வைத்திருந்த பணம் முழுவதையும் என்னிடம் கொடுத்தார். ஒரே பெயரில் நிறையப் பரிசு வந்தால் சந்தேகம் வருமென்று அம்மா, தம்பி, சித்தி, சித்தப்பா என்று குடும்பத்துக்கே பிரித்து ஆர்டர் போட்டேன்.

சின்னச் சின்னப் பொட்டலங்கள் வரத் தொடங்கின. வெளிநாட்டில் இம்புட்டுப் பாசமான சொந்தம் யார் என்று தபால்காரர் கேட்க, அம்மா பதறிப்போய், ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இன்ஜினியராக இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். விஷயம் தெருவுக்குப் போய், அங்கிருந்து மதுரைக்குப் போய், ஆனையூரிலிருந்து டீச்சர் வேலை பார்க்கும் பெண்ணின் ஜாதகமும் படமும் வந்தன. அம்மா படத்தைப் பார்த்தார். பெண் லட்சணமாக இருந்தாள். இல்லாத தம்பிக்காக இரண்டு நாள் வருத்தமாகவே இருந்தார்.

மார்கழியில் அரசாங்கம் அந்தப் பரிசு வழியை அடைத்தது. நாடு முழுக்க வியாபாரிகள் மனு கொடுத்திருந்தார்கள்; எங்கள் சங்கமோ என் மனுதான் டில்லி வரை போய் வேலை செய்தது என்று நம்பியது. எங்கள் கடை வாசலிலேயே லட்டு கொடுத்தார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். எங்கள் சரக்கில் கால்வாசிதான் வந்திருந்தது. மிச்சமெல்லாம் சுங்கத்தில் நிற்பதாகக் கைபேசி சொன்னது. பட்டாசுச் சரத்துக்குத் தீ வைக்கும் மரியாதையை அப்பாவுக்குக் கொடுத்தார்கள். சொந்தக் கடைக்குத் தீ வைப்பவரைப் போல வைத்தார்.

புகை அடங்குவதற்குள் தபால்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். தடைக்கு முன்பே தப்பி வந்த, சித்தப்பா பெயர் போட்ட பொட்டலம் ஒன்றை நீட்டி, “அண்ணே, ஒங்க தம்பி பேருக்கு வெளிநாட்டுப் பரிசு” என்றார். லட்டு தின்ற வாய்களெல்லாம் நின்றன. தலைவர் பொட்டலத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பேச வாயைத் திறந்தார்.

“தலைவரே, நீங்களும் இங்கதான் இருக்கீகளா. ஒங்க வீட்டம்மா பேருக்கும் மருமக பேருக்கும் வந்திருக்கு. கையெழுத்துப் போட்டுருங்க” என்றார் தபால்காரர்.

திறந்த வாயில் தலைவர் ஒரு லட்டைப் போட்டுக்கொண்டார். மென்று முடித்துவிட்டு, “மருமகளோட அண்ணன் அனுப்புறது, மாப்ள” என்றார்.

“எனக்கும் மச்சினன் ஒருத்தன் இருக்கான், தலைவரே” என்றார் அப்பா.

சுங்கத்தில் சிக்கிய பணத்தில் கொஞ்சம் பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஆனால் கடைக்கு அப்போதே சரக்கு வேண்டும். அம்மாவின் சங்கிலி வங்கிக்குப் போனது. மறுநாள் காலை மதுரைப் பேருந்தில் நானும் அப்பாவும் ஏறினால், முன் இருக்கையில் தலைவர் காலிப் பைகளோடு உட்கார்ந்திருந்தார். மொத்தக் கடைக்காரருக்கும் செய்தி தெரிந்திருந்தது. ஒரே இரவில் விலையை ஏற்றியிருந்தார். அப்பா தனியாகப் பேசிப் பார்த்தார், தலைவர் தனியாகப் பேசிப் பார்த்தார். கடைக்காரர் மசியவில்லை. இரண்டு கடைக்கும் சேர்த்து ஒரே ஆர்டராக வாங்கினால் என்ன விலை என்று நான் கேட்டேன். அவர் கால்குலேட்டரைத் தட்டினார், என்னை ஒருமுறை பார்த்தார், பழைய விலைக்குக் கீழேயே இறங்கினார். ஆப்பின் விலைக்கு அது எட்டாதுதான். ஆனால் அந்தத் தைக்கு எங்களோடு போட்டி போட ஆப் இல்லை.

திரும்பும்போது அப்பாவும் தலைவரும் பைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். திருப்பரங்குன்றம் தாண்டியதும் தலைவர் மெதுவாகக் கேட்டார்:

“கிளிப்பு எம்புட்டுக்குக் குடுக்கப் போறே, மாப்ள?”

“நீங்க சொல்லுங்க தலைவரே, பெரியவுக.”

திருமங்கலம் வரும்வரை இருவரும் விலை சொல்லவில்லை. பேருந்து நிற்பதற்கு முன்பே அப்பா பையோடு படியில் நின்றுகொண்டிருந்தார்.