வெள்ளிக்கிழமைச் சிகரங்கள்

குழந்தை பிறக்கவில்லையென்றால் குறை பெண்ணிடம்தான் என்று என் கணவரின் குடும்பம் நம்பியது. அதைக் கொடியவர்களின் நம்பிக்கை என்று சொல்லமாட்டேன். என் பிறந்த வீட்டிலும் அதையே நம்பினார்கள், நானும் நம்பினேன். ஓர் ஆணையும் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் எங்களில் யாருக்கும் எழுந்ததில்லை. திருமணமான ஐந்தாம் ஆண்டில், ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் என்னோடு இருந்த என் கணவருக்கு மாமியார் எழுதிய கடிதம் அந்த நம்பிக்கையிலிருந்து மிக இயல்பாகப் பிறந்திருந்தது. "அவளை ஒரு வருஷம் இங்கே அனுப்பி வை. இராமேஸ்வரம் அழைத்துப் போகிறேன். அதற்கும் பலனில்லை என்றால் மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பேசுவோம்."

மேற்கொண்டு என்பதன் பொருள் எனக்குத் தெரியும். எங்கள் உறவில் ஒருத்திக்கு அப்படிப் பேசி முடித்த மறு வருடம், அவள் வீட்டுக்கு இன்னொருத்தி வந்து சேர்ந்தாள்.

அறுபதுகளின் கடைசி ஆண்டுகள் அவை. கணவர் எஃகு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தார். நான் நூலகப் புத்தகங்களோடு ஜெர்மன் மொழியைப் படித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் புறப்படுமுன் இங்கே ஒரு மருத்துவரைப் பார்த்துவிடட்டுமா என்று கணவரைக் கேட்டேன். அவர் தடை சொல்லவில்லை.

நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண் மருத்துவர் அவர். என்னைப் பரிசோதித்துவிட்டு, ஒரு தெர்மாமீட்டரும் கட்டம்போட்ட தாள்களும் கொடுத்தார். தினமும் காலையில் நாக்கின் அடியில் வைத்து அளந்து புள்ளியிட வேண்டும். சினைமுட்டை வெளிப்பட்டால், அதன்பின் உடலின் வெப்பம் சற்றே உயர்ந்து மாதவிலக்கு வரை அந்த உயரத்திலேயே நிற்கும். கோட்டைப் பார்த்தே அதைச் சொல்லிவிடலாம்.

மூன்று மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் அளந்தேன். கணவர் தாளை எட்டிப் பார்த்து, "இது கிராஃபா, மேற்குத் தொடர்ச்சி மலையா?" என்றார்.

"உங்க எஃகு மாதிரி நேரா இருக்க நான் என்ன இரும்பா?" என்றேன். சிரித்தோமே தவிர, முட்டையே வெளிப்படவில்லை போலும் என்ற அச்சம் எனக்குள் உறைந்துகொண்டிருந்தது. அப்படியானால் ஊருக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

மருத்துவர் மூன்று தாள்களையும் வரிசையாக வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலால் ஒவ்வொரு சிகரமாகத் தொட்டார்.

"ஏழு நாளுக்கு ஒன்று. உடலுக்குக் கிழமை தெரியாதே! வெள்ளிக்கிழமைகளில் உங்களுக்கு என்ன ஆகிறது?"

"தலைக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீரில் நெடுநேரம் குளிப்பேன். மற்ற நாட்களில் இளஞ்சூட்டில் ஒரு குளியல்தான்."

"வெப்பத்தை எப்போது அளக்கிறீர்கள்?"

"குளித்த பிறகு."

"படுக்கையை விட்டு எழுமுன் என்று தாளின் தலையிலேயே அச்சிட்டிருக்கிறது. நீங்கள் படிக்கத் தெரிந்தவர்."

"படித்தேன். ஆனால் பல் துலக்காத வாயில் நாங்கள் எதையும் வைப்பதில்லை."

"சரி, பல் துலக்கினீர்கள். குளியல் எதற்கு?"

"பல் துலக்கிய பிறகு குளிப்பதுதானே முறை?"

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மூன்று மாதமாக உங்கள் வெந்நீரை அளந்திருக்கிறோம்!"

அடுத்த இரண்டு மாதம், விழித்த கணமே, அருவருப்பை விழுங்கிக்கொண்டு, படுத்தபடியே அளந்தேன். கோடு தாழ்ந்து சென்றது, மாதத்தின் நடுவில் ஒரு படி ஏறியது, ஏறியபடியே நின்றது. இரண்டாம் மாதமும் அப்படியே. கருக்குழாய்களில் அடைப்பில்லை என்பதை எக்ஸ்ரேயும் காட்டியது.

"உங்களிடம் குறை ஒன்றும் தெரியவில்லை. இனி உங்கள் கணவர் வரவேண்டும்" என்றார் மருத்துவர்.

"அவரா?"

"குழந்தை இரண்டு பேருடையதுதானே?"

வீட்டில் இதைக் கணவரிடம் சொன்னேன். இரண்டு நாள் எஃகைப் போலவே இருந்தார். மூன்றாம் நாள் காலை, காப்பியை ஆற்றிக்கொண்டே, "பாதி சாம்பிளை மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு ரிப்போர்ட் எழுதினா, லேப்ல என்னை நிக்க வச்சுக் கேப்பாங்க" என்றார். வருகிறேன் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

விந்து மாதிரியைக் குளிர்பட விடாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஜனவரிக் குளிர். கணவர் சிறு கண்ணாடிப் புட்டியைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து, அதன்மேல் ஸ்வெட்டரும் கோட்டும் போட்டு, குனிந்தபடி டிராமில் நின்றார். வயிற்றுவலிக்காரர் என்று இரங்கிய ஒரு மூதாட்டி எழுந்து இடம் கொடுத்தார். இவர் மிகுந்த கண்ணியத்தோடு நன்றி சொல்லி அமர்ந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சிரிக்காதே. குலுங்குது" என்றார் தமிழில்.

விந்தணுக்கள் குறைவு, அசைவும் மந்தம் என்று முடிவு வந்தது. விதைப்பையின் இரத்தநாளங்கள் புடைத்திருப்பது காரணமாக இருக்கலாம். ஒரு சிறு அறுவைச் சிகிச்சை உதவக்கூடும், உறுதி சொல்ல இயலாது என்றார் மருத்துவர். அன்று மாலையே கணவர் தாயாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"அம்மாவுக்கு எழுதணுமா? மனசு உடைஞ்சு போவாங்க. பேச்சு கேக்கறது எனக்குப் பழகிடுச்சு" என்றேன்.

"எனக்குப் பழகலையே" என்றார் நிமிராமல். நான்கே வரிகள். குறை என்னிடம் இருக்கிறது, அவளிடம் இல்லை, சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன், அவளை அனுப்பமாட்டேன்.

பதில் வர ஆறு வாரம் ஆயிற்று. அதில் வருத்தமோ மன்னிப்போ இல்லை. அறுவைக் காயம் ஆறும்வரை கனமான எதையும் தூக்க வேண்டாம் என்று மட்டும் எழுதியிருந்தார். ஆனால் அதுவரை மகன் பெயரை மட்டும் தாங்கி வந்த உறையின் மேல் முதல்முறையாக என் பெயரும் இருந்தது. அந்த உறையை நான் நெடுநேரம் கையில் வைத்திருந்தேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்த பின்னும் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தோம். ஆனால் அந்தக் காத்திருப்பு வேறு. குற்றவாளி இல்லாத காத்திருப்பு. எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாதம், ஏறிய கோடு இறங்க மறுத்தது. பதினெட்டு நாள், இருபது நாள், இருபத்திரண்டு நாள். அதற்குமேல் புள்ளியிடக் கட்டம் இல்லை. கணவர் தாளின் ஓரத்தில் வேறொரு துண்டை ஒட்டித் தந்தார். மகள் இலையுதிர்காலத்தில் பிறந்தாள். பேத்தியை மாமியார் ஒரே ஒருமுறை, ஊரில், மடியில் வைத்துப் பார்த்தார்.

மாமியார் இன்று இல்லை. கணவர் மறைந்தும் ஆண்டுகள் ஆகிவிட்டன. மகளும் நானும் இருக்கிறோம், இதே நகரத்தில்.