கண்ணாடிக்குப் பின்னால் ஒரெஸ்தே

இசையமைப்பாளர் கார்சானியின் படத்தை இன்றைக்கும் பத்திரிகைகளில் போடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் பெயரில் வந்த சினிமாக்களில் பாதிக்குமேல் இசை எழுதியவன் ஒரெஸ்தே. ரோமில் ஒலிப்பதிவுக்கு வாசித்த எல்லோருக்கும் அது தெரியும். செல்லோ வாசித்த எனக்கும்தான். பிழைப்பு போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

ஒரெஸ்தே வடக்கே ஓடும் போ என்ற ஆற்றின் கரைக்காரன். நடனக் கூடத்தில் அக்கார்டியன் வாசித்தான், பட்டாளத்தில் பாண்டு. பிறகு டெலிவிஷனில் சோப்பு விளம்பரம், கன்னியாஸ்திரீகள் பள்ளிக்குத் தோத்திரப் பாட்டு. கௌபாய் படங்களுக்கு ஏதோ அமெரிக்கப் பெயர் வைத்துக்கொண்டு எழுதினான். ஒரு பேய்ப் படத்துக்குக் கண்ணாடியில் கரண்டியைத் தேய்த்து எங்கள் பல்லைக் கூசவைத்தான். சொந்தப் பெயரில் மட்டும் ஒரு படமும் இல்லை.

ஐம்பத்தொன்றில் போ ஆறு கரை உடைத்தபோது அவன் அக்கா வெள்ளத்தோடு போய்விட்டாள். பல வருடம் கழித்து அந்த வெள்ளத்தையே படமாக எடுத்தார்கள். கார்சானிக்காக எழுத உட்கார்ந்த ஒரெஸ்தே முதல்முறையாக ஒன்று கேட்டான்: இந்தப் படத்திலாவது திரையில் என் பெயர் வரவேண்டும். அதற்கென்ன என்று கார்சானி தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பதிவு நாளன்று இசைத் தாளைப் பிரித்தோம். மேலே கார்சானியின் பெயர்.

வழக்கம்போல அவர் எங்களை நடத்தும் கோலோடு மேடையில் நின்றார். ஒரெஸ்தே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இயக்குநர் எதையாவது மாற்றச் சொன்னால் கார்சானி கண்ணாடியைப் பார்ப்பார். இவன் உள்ளே வந்து மாற்றித் தருவான். அந்த நேரத்தில் நாங்கள் காபி குடித்துவிட்டு வருவோம்.

வெள்ளக் காட்சியை வாசித்து முடித்தோம். காட்சியின் நீளத்தைக் குறைத்துவிட்டேன், இசையையும் குறையுங்கள் என்றார் இயக்குநர். கார்சானி கண்ணாடியைப் பார்த்தார்.

ஒரெஸ்தே எழுந்திருக்கவில்லை. மைக்கை இழுத்தான்.

"எழுதினவரையே கேளுங்க. தாள்ல பேரு போட்டிருக்கே."

"விளையாடாத ஒரெஸ்தே. உள்ள வா."

"எங்க அக்கா அந்தத் தண்ணியிலதான் போனா, மாயெஸ்த்ரோ. நீங்க எங்க குறைக்கிறீங்கன்னு பாக்கறேன்."

கார்சானி பென்சிலை எடுத்தார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை. "நாங்க காபி குடிச்சுட்டு வரட்டுமா, மாயெஸ்த்ரோ?" என்று பின்வரிசையிலிருந்து டிராம்போன்காரன் உகோ கேட்டான்.

நான் வில்லால் தாள் தாங்கியைத் தட்டினேன். கையில் வாத்தியம் இருக்கும் எங்களுக்கு அதுதான் கைதட்டல். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள், பிறகு வயலின்கள் எல்லாம். அந்த மனிதர், தனக்குத்தான் என்று நினைத்துத் தலை குனிந்து வணங்கினார்! நிமிர்ந்தபோதுதான் நாங்கள் எல்லோரும் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருப்பது தெரிந்தது. ஒரெஸ்தே அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

அதன்பின் ஒருவரும் அவனைச் சினிமாவுக்குக் கூப்பிடவில்லை. அதைக் கார்சானி பார்த்துக்கொண்டார். ஒரெஸ்தே மறுபடி சோப்புக்கு எழுதினான்.

படம் கார்சானி பெயரில்தான் வந்தது. வெள்ளக் காட்சியில் இசை பாதியில் அறுந்து நிற்கும். குறைக்கத் தெரியாமல் கார்சானி ஒலிநாடாவைக் கத்தரித்துவிட்டார். விமர்சகர்கள் அதை மேதையின் துணிச்சல் என்று எழுதினார்கள், இன்னும் எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒன்று மட்டும் சரி. அந்தப் படத்தில் கார்சானியின் சொந்த வேலை அந்த வெட்டு ஒன்றுதான்.