சாய்கோடு போட்ட முகவரி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்று வாக்கில், போடியில் ஏலக்காய் ஏற்றுமதி செய்கிற எஸ்தரம்மா தேனியிலிருந்து என்னை வரச் சொன்னார். அவர்களுடைய பழைய சர்வர் முகவரியை பெயர்/பிரிவு/இடம் என்று சாய்கோடு போட்டு எழுதும். மெயில்களை உள்ளே வெளியே கடத்திவிடப் புதிதாக வைத்த கேட்வேக்கோ நடுவில் @ இருந்தால்தான் புரியும். அதனால் மெயில்கள் எல்லாம் கேட்வேயிலேயே தேங்கிக் கிடந்தன. ஒன்றை மற்றொன்றாக மாற்றும்படி விதி எழுதிப் போட்டேன். மளமளவென்று எல்லாம் நகர்ந்தன. ஒன்று மட்டும் நின்றது, திறந்தேன்.

அனுப்பியவர் செல்வம்/எஸ்டேட்/மேடு. தேதி அன்று காலை. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்: இன்னைக்கு ஜீப்ப மேல ஏத்தாதீக.

"செல்வம்னா யாரும்மா?" என்றேன்.

எஸ்தரம்மா திரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மேல மலை எஸ்டேட்ல டைப் அடிச்சவரு தம்பி. காய்ச்சல்ல போயி எட்டு மாசமாச்சு. அங்கன இருந்த கம்ப்யூட்டரு இந்தா கெடக்கு, பாருங்க."

அலமாரி மேல் துணி சுற்றிக் கிடந்தது. பழைய மெயிலாக இருக்கும், தேதி தப்பாக விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே சர்வரின் பதிவேட்டைப் பார்த்தேன். அன்று காலை முதல் மலையிலிருந்து எந்த இணைப்பும் வரவில்லை.

வெளியே ஜீப் உறுமியது. காய் பறிக்கிற பெண்கள் ஏழு பேர் மூட்டையோடு ஏறியிருந்தார்கள். எஸ்தரம்மா ஓடினார்.

"ஏலே முருகா, வண்டிய அணைலே!"

"ஏந்தாயி, நேரமாகுதுல்ல?" என்றாள் ஒருத்தி.

எஸ்தரம்மா ஜீப்பை மறித்து நின்றார். பெண்கள் முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்கள்.

மதியம் சேதி வந்தது. மழையே இல்லை, மேட்டுச் சாலையில் ஒரு வளைவில் பாறை சரிந்துவிட்டதாம். எங்கள் ஜீப் போயிருக்க வேண்டிய நேரத்துக்கு ஏறிப் போன ஒரு லாரி டிரைவரை மறுநாள்தான் பிணமாக எடுத்தார்கள்.

உயிர் பிழைத்த கதைதானே என்பீர்கள். எஸ்தரம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று சாயங்காலம் கிளம்பும்போது செல்வத்திடமிருந்து இன்னொரு மெயில் வந்து நின்றது. பெறுபவர் கயல்விழி, அடுத்து சாய்கோடு, என் பெயர், இன்னொரு சாய்கோடு, என் தெரு. எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. என் விதிதான் எதையோ குழப்பிவிட்டது என்று படிக்காமலே அழித்துவிட்டேன்.

ஆறு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். பெயர் வைத்தது என் மாமனார், அவருக்கு இது எதுவும் தெரியாது. கயல்விழி.

அவள் எங்காவது கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று பார்க்கிறேன். இன்றைக்குத்தானா என்று.