முள் கதைக்காது

இந்த இங்கிலாந்து நகரத்தில் ஆறு குளிர்காலங்களைக் கண்டுவிட்டேன். எனினும் சென்ற மாதத்துக் காலையொன்றில் கேட்ட ஓசைக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. காரின் கண்ணாடியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. சாவியைத் திருப்பியதும், இன்னும் சூடேறியிராத எஞ்சினைக் குளிர்விப்பதற்காக ரேடியேட்டர் விசிறி முழு வேகத்தில் இரைந்தது. புகைக்குழாயிலிருந்து கரும்புகை கிளம்பியது. வெப்பங்காட்டும் முள்ளோ குளிர்ப் பக்கத்திலேயே கிடந்தது. வாசலிலேயே அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்ட பின்னரும் அசையவில்லை. எதிர்வீட்டு மாது திரையை விலக்கிப் பார்த்தார். நான் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு கண்ணியமாகத் தலையசைத்தேன். அப்படிக் கிடந்த முள்ளை நான் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

கராஜில் ஓர் இளைஞர் சிறிய கருவியொன்றைப் பொருத்திப் பார்த்தார். எஞ்சின் சுட்டுக்கொண்டிருக்க, கருவியின் திரையோ பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை என்றது. "போர்க்கீஸ்" என்று சிரித்தார் அவர். "உங்கள் கார் உங்களுக்குப் போர்க்கீஸ் சொல்கிறது." என் தாடியையும் தொப்பியையும் பார்த்துக்கொண்டே பன்றி இறைச்சியைப் பற்றிப் பேசுகிறாரே என்று நான் விறைத்துப்போனேன். "ஐயா, நான் ஒரு முஸ்லிம்" என்றேன், கல்லூரியில் கற்ற ஆங்கிலத்தில். அவர் முகம் சிவந்தது. அச்சொல்லுக்கு இங்கே பொய் என்று பொருளாம். "பொய்! உங்கள் வெப்பமறியும் சென்சர் பொய் சொல்கிறது, அவ்வளவுதான்" என்று மன்னிப்புக் கேட்டார். புதிய சென்சர் வெள்ளிக்கிழமை வருமென்றும், அதுவரை முள்ளை நம்பித் தூரம் ஓட வேண்டாம் என்றும் எச்சரித்தார். இதே எச்சரிக்கையை நான் வேறொரு மொழியில் முன்பே பெற்றிருந்தேன்.

அப்போது நான் கல்முனையில் பாடசாலையொன்றின் உப அதிபர். ஊரில் என் காருக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பை நானே வளர்த்தேன். தம்பி நஸீரின் பழைய வேனைப் பலர் முன்னிலையில் "தள்ளுவண்டி" என்று எள்ளியவன் நான். ஒரு நாள் என் காரின் முள் அடியில் விழுந்து கிடந்தது, விசிறியும் சுழலவில்லை. அக்கரைப்பற்றில் மஜீத் பாஸ் என்னும் மெக்கானிக், சென்சரைக் கழற்றித் தமது தேத்தண்ணிக் கோப்பைக்குள் போட்டு, இரண்டு வயர்களால் அதை ஒரு சோதனை மீற்றரோடு தொடுத்தார்.

"சேர், தேத்தண்ணி சுடுதா இல்லையா?"

"சுடுகிறது."

"மீற்றரப் பாருங்க. இவன் ஐஸுக்குள்ள கிடக்கிறானாம்! இவன்ட சாட்சிய எந்தக் கோட்டிலயும் எடுக்க மாட்டாங்க." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "விசிறிக்கு டிரெக்டா வயர் குடுத்திருக்கன். ஆனா அது நிண்டா உங்களுக்குத் தெரியாது. சாமான் கொழும்பால வரும்வரை தூரம் ஓடாதீங்க. கொதிச்சாலும் இந்த முள் கதைக்காது."

மறுநாள் காலையில், அண்ணனான என்னைக் காக்கா என்றழைக்கும் நஸீர் வந்தான். அவனுடைய வேன் பழுதாகிவிட்டது. சாகாமத்து வயலில் அன்று அறுவடை.

"காக்கா, உங்கட கார ஒருக்காத் தாங்களன். வண்டி சரிதானே?"

தள்ளுவண்டி என்று சிரித்த வாயால் என் காருக்கும் பழுதென்று சொல்ல முடியவில்லை. "ஒரு பிழையும் இல்லை" என்று சாவியை நீட்டினேன்.

விசிறியின் பியூஸ் வழியில் எரிந்துபோயிருக்கிறது. சாகாமத்துக் குளக்கட்டருகே எஞ்சின் நின்றுவிட்டது. நஸீர் முள்ளைப் பார்த்தான். அது குளிர் என்றது. ஆகவே தயங்காமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். கொதிநீர் முகத்தில் பீறிட்டது. இடது கண் போயிற்று.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட முகத்தோடு, "என்ட மடத்தனம் காக்கா, முள் கீழ கிடந்திச்சு, அதான் திறந்திட்டன்" என்றான். சுற்றி நின்றவர்கள் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கொஞ்சம் கவனமாக இருந்திருக்க வேண்டும், தம்பி" என்று அவனுக்குப் புத்தி சொன்னேன். மஜீத் பாஸ் மௌத்தாகிவிட்டார். அவர் சொன்னதை அறிந்தவன் இன்று நான் ஒருவனே.

கராஜிலிருந்து திரும்பிய மாலை, மகள் றிஸ்னா கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி கேட்டாள்: "வாப்பா, நாளைக்குப் புள்ளையோட மோட்டர்வேல போகணும். கார் சரிதானே?"

'ஒரு பிழையும்' என்பது வரை நாவில் வந்துவிட்டது. குழந்தையின் கண்கள் இரண்டும் என்னையே பார்த்தன.

"எடுக்காதே மகள். முள் பொய் சொல்லுது."

"அல்லாஹ்வே! வாப்பாட காருக்கும் பிழை வருமா?" என்று அவள் சிரித்தாள். சொல்வதற்கு ஒரு கணமே பிடித்தது. அந்த ஒரு கணத்தை நான் நஸீருக்குக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை புதிய சென்சரைப் பொருத்தினார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்து காரை இயக்கிவிட்டு அமர்ந்திருக்கையில், வழக்கம்போல நஸீர் தொலைபேசியில் முகம் காட்டினான். அவனுக்குப் பின்னால் கல்முனைக்குடி இருட்டிவிட்டிருந்தது. ஊர்ப் பத்திரிகையில் நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் வலது கண்ணருகே பிடித்து வாசிப்பவன் அவன். இதையும் வாசிப்பான்.

"அங்க இன்னும் குளிராத்தான் கிடக்கா, காக்கா?"

"ஓம் தம்பி, குளிர்தான்" என்றேன்.

எனக்கு முன்னால் முள் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது.