மங்களத்திடம் நாம் கேட்ட கேள்வி

மங்களம் மனம் வெறுத்து லாரிக்கு முன் போய் நின்றார் என்று நம் உறவுக்குள் பேசிக்கொள்கிறீர்கள். அது உண்மை அல்ல. சென்ற செவ்வாய்க்கிழமை காலை அவர் திருப்பாலைக்குடி விலக்கில் சாலையைக் கடந்தது, இராமநாதபுரத்தில் மனநல மருத்துவரை இரண்டாம் முறை பார்ப்பதற்காக. பஸ் வந்துவிட்டதென்று அவசரப்பட்டார்; வந்த லாரியைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

கூடச் சென்ற மகள் வசந்திதான் எனக்குப் போன் செய்தாள். "பெரியம்மா, அம்மா செருப்பு இங்கன கிடக்கு," என்றாள்.

மங்களம் என் கொழுந்தனாரின் மனைவி. நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டு மருமகள்களாக இருந்தோம். கான்வென்ட்டில் படித்த என் கண்டிப்பைக் கேலி செய்யத் துணிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவரே. களத்தில் காயும் மிளகாயை நான் சரிபார்த்துக்கொண்டிருந்தால், "அக்கா, வத்தலுக்குமா அட்டெண்டன்ஸ் எடுக்கிறீக?" என்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பம்புசெட் அறையில் மின்சாரம் தாக்கிக் கொழுந்தனார் இறந்தார். கம்பால் அவரைத் தட்டி விலக்கப் போராடியவர் மங்களம். துக்கம் கேட்க வந்த ஒவ்வொரு கூட்டமும் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, "எப்படி ஆத்தா நடந்துச்சு?" என்று கேட்டது. அவர் தலைகுனிந்தால், "சொல்லி அழு மங்களம், பாரம் குறையும்," என்று தூண்டியவள் நான். என் கணவர் நோயில் படுத்து, என்னிடம் விடைபெற்றுப் போனவர். சொல்லச் சொல்ல எனக்குக் குறைந்தது. அவருக்கும் குறையும் என்று எடுத்துக்கொண்டேன்.

குறையவில்லை. பக்கத்து வயலில் மோட்டார் ஓடினாலே அவருக்குக் கை விறைத்துவிடும். சுவிட்சைத் தொடமாட்டார். "புருஷன் மேல அம்புட்டுப் பாசம்," என்றார்கள். ஒரு நாள் என்னிடம் வெடித்தார்: "பாசம் இல்லக்கா இது! அவுகள நெனச்சா அழுக வரும், அழுதா அடங்கிரும். இது வேற. நீங்க கேக்கக் கேக்க நான் அங்கனயே போயி கம்போட நிக்கிறேன்."

முதல் முறை பார்த்தபோது மருத்துவரும் அதையே சொன்னார்: இது துக்கம் அல்ல, கண்ணால் கண்ட அதிர்ச்சி; கேட்கக் கேட்கக் கூடும். மருத்துவர் சொன்ன பிறகே நான் நம்பினேன் என்பதில் எனக்கு வெட்கம் உண்டு.

இப்போது வசந்தியின் முறை. லாரி மோதியதைப் பார்த்தவள் அவள். நேற்று வந்த ஒருவர், "எந்தப் பக்கம்டி விழுந்தா?" என்று கேட்டார். வசந்தி எழுந்து போய் வாந்தி எடுத்தாள். அதற்கும் "பாவம், தாய்ப் பாசம்," என்றார்கள்.

மங்களம், உன்னிடம் மன்னிப்புக் கேட்காமலே உன்னை அனுப்பிவிட்டேன். போய் வா.

மற்றவர்களுக்கு: பதினாறாம் நாள் வாருங்கள். மங்களத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். எப்படி நடந்தது என்று மட்டும் வசந்தியிடம் கேட்க மாட்டேன் என, அதற்கு முன் எனக்கு ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். தலையாட்டினால் போதாது. எழுத்தில் வேண்டும்.